நாலாம் வகுப்பில் ஒரு குடித்தனம்

பஞ்சாயத்து மெம்பர் ஷிஜியின் ஜீப் மேட்டில் முக்கி ஏறி வந்து நின்றபோது முத்துப்பேச்சி கொடிக்கம்பத்திலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் கட்டியிருந்த கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கேரளத்துச் சக்குபள்ளம் மலையில் அந்த மாதத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் யாரும் அதைச் சும்மா விடுவதில்லை. கணவன் மாரீஸ்வரனின் மருந்தடிக்கும் சட்டை, மகள் சஷ்மிதாவின் பாவாடைகள், ஒரு சேலை, ஒரு கம்பளி. மெம்பர் கம்பளிக்கு அடியில் குனிந்து வந்து முற்றத்தில் நின்றாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள். அவள் கண்கள் கொடிக்கம்பத்தின் உச்சி வரை போய்த் திரும்பின. அதுவரை இல்லாமல் அன்றைக்குத்தான் முத்துப்பேச்சிக்கு அந்தக் கயிற்றை நினைத்து வெட்கமாக இருந்தது.

“சேச்சி, ஸ்கூள் தொறக்கப் போறாங்க. வர்ற மாசம் ஒண்ணாம் தேதி. ஓர்டர் வந்தாச்சு” என்றாள் ஷிஜி.

“சின்னப் புள்ளைகளுக்குமாம்மா?”

“சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஆத்யம். நம்ம ஸ்கூள் முழுசும் தொறக்கணும்.”

முத்துப்பேச்சிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இரண்டாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சஷ்மிதா, பள்ளிக்கூடம் போகாமலே நாலாம் வகுப்புக்கு வந்திருந்தாள். போனில் வரும் பாடத்தைப் பிடிக்க மேலே பாறைக்கு ஏற வேண்டும். ஏறினாலும் மாரீஸ்வரன் போனோடு வேலைக்குப் போயிருப்பான். பிள்ளை இனிமேல் நேராக டீச்சர் முகத்தைப் பார்த்துப் படிக்கும் என்று நினைத்தபடி கையிலிருந்த ஈரத்துண்டை உதறினாள். அப்போதுதான், திறக்கப்போகிற பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பில் தன் அடுப்பு இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரே நீள அறை. ஓட்டுக் கூரை. நடுநடுவே மூங்கில் தட்டி வைத்து ஒன்றிலிருந்து நாலு வரை பிரித்திருந்தார்கள். ஏலத்தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எப்போதோ கட்டியது. கிழக்குக் கோடியில் நாலாம் வகுப்பு. கொரோனா வந்த வருஷத்து ஆடி மழையில் முத்துப்பேச்சியின் லயத்து வீடு போயிற்று. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் அவர்களுடையது கடைசி வீடு. மலையின் பாரமெல்லாம் கடைசி வீட்டுச் சுவருக்குத்தான். சுவர் மண்ணோடு சரிந்து பாத்திரங்களின் மேல் விழுந்தபோது நல்லவேளையாக மூன்று பேரும் தோட்டத்தில் இருந்தார்கள். அன்னாள் டீச்சர், பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, அன்று சாயங்காலமே குடையும் சாவியுமாக வந்தார். “மழ விடுற வரைக்கும் இங்க இருந்துக்கோங்க. பூட்டிக் கெடக்குற ரூம்தானே” என்று கதவைத் திறந்துவிட்டார்.

மழை விட்டது. பிறகு மறுபடி வந்தது. தமிழ்நாட்டு எல்லையில் கம்பம் மெட்டு செக்போஸ்ட் மூடிக் கிடக்கிறது, கொத்தனார் எப்படி வருவார் என்று கேட்டார் தோட்டத்துச் சூப்பர்வைசர் சுவக்கீன். செக்போஸ்ட் திறந்த பிறகு முதலாளி வந்து பார்க்கட்டும் என்றார். முதலாளி வரவில்லை. லயத்தின் மேல் விரித்த நீலப் படுதா வெயிலில் நைந்து கிழிந்து வௌவால் மாதிரித் தொங்கியது. அவர்கள் நாலாம் வகுப்பிலேயே இருந்துவிட்டார்கள்.

இதே அறையில் முத்துப்பேச்சியும் படித்தவள். அப்போது தட்டிகள் கூடக் கிடையாது. நாலு வகுப்பும் நாலு திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒரு வகுப்பின் வாய்ப்பாட்டுக்குள் இன்னொரு வகுப்பின் பாட்டு வந்து விழும். ஆனி ஆடியில் ஓட்டின் மேல் மழை இறங்கினால் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பார். அதுதான் பிள்ளைகளுக்கு விடுமுறை. நனைந்த சட்டையோடு வந்தவர்களையெல்லாம் கஞ்சிப்புரை அடுப்பைச் சுற்றி நிற்கவைப்பார்கள். சட்டையிலிருந்து ஆவி எழும். பயறு வேகும் வாசனையும் ஈரத்துணி வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். கஞ்சி குடிக்கப் பலா இலையைக் கோட்டி ஈர்க்குச்சி குத்திக் கரண்டி செய்துகொள்வார்கள். முத்துப்பேச்சி செய்கிற கரண்டி ஒழுகாது என்று பெரிய பையன்கள்கூட அவளிடம் இலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நாலாம் வகுப்பு முடிந்ததும் அவள் படிப்பும் முடிந்தது. அடுத்த பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். ஜீப்பில் போக வேண்டும். அம்மா அவளைத் தம்பிக்குக் காவலாகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு ஏலச்செடித் தூருக்கு நடுவே சேலையில் தொட்டில் கட்டி, அதை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கீழே பள்ளிக்கூடத்து மணி கேட்கும். இது முதல் மணி, இது கஞ்சிக்கு, இது வீட்டுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். பிறகு காய் எடுக்கப் போனாள். மணி கேட்டாலும் கவனிக்காத வயது வந்தது. சஷ்மிதாவைச் சேர்க்க வந்த நாளைத் தவிர அவள் பிறகு இந்த அறைக்குள் நுழைந்ததில்லை. சுவர் விழாமல் இருந்திருந்தால் நுழைந்திருக்கவும் மாட்டாள்.

அதனால்தானோ என்னவோ, வீடு போனதற்கு அவள் அழுதது முதல் இரண்டு நாள் மட்டும். பிறகு அந்த அறை அவளுக்குள் மெல்லப் புகுந்துகொண்டது. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் கட்டில். தட்டியில் சேலையைத் தொங்கவிட்டால் மறைப்பு. லயத்து வீட்டில் ஒரு ஜன்னலும் இல்லை, இங்கே மூன்று. வேலை முடிந்து கைகால் கழுவி, அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அவளும் சஷ்மிதாவும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பார்கள். மகள் ஒரு வரி எழுதுவாள். அம்மா அதைப் பார்த்துக் கீழே எழுதுவாள். ‘ற’வும் ‘ழ’வும் அவளுக்கு மறந்தே போயிருந்தன. “அம்மா, காலச் சுருட்டி வளைக்கணும்” என்று மகள் கையைப் பிடித்து வளைப்பாள். மாரீஸ்வரன் பெஞ்சில் படுத்தபடி பார்த்துச் சிரிப்பான். “ரெண்டு பேருல யாரு பாஸாவுறீங்கன்னு பாப்போம்” என்பான். கையில் ஊறிய ஏலக்காய் வாசனையும் அரிசி வேகும் வாசனையும் சாக்பீஸ் தூளும் கலந்த அந்த மாலைகளில், ஊரெல்லாம் நோய்க்கும் சாவுக்கும் பயந்து கிடக்கும்போது தான் மட்டும் இப்படி நிம்மதியாக இருப்பது சரியா என்று அவளுக்குச் சில சமயம் பயமாக இருக்கும்.

மெம்பர் வந்து போனதைக் கேட்டதும் மாரீஸ்வரன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

“எறங்கக் கூடாது” என்றான்.

“பின்ன, பள்ளிக்கூடம் தொறக்க வேணாமா?”

“தொறக்கட்டும். வீட்டக் கட்டிக் குடுத்துட்டுத் தொறக்கட்டும். நாம இங்க இருக்கறதுனாலதான் மெம்பரும் டீச்சரும் மொதலாளிக்குப் போன் போடுறாங்க. எறங்கிட்டோம்னு வையி, ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை. முத்துப்பேச்சிக்கே அது தெரியும். தட்டில் குழம்பை ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அன்னாள் டீச்சர் வந்தார். ஒன்றரை வருஷத்தில் அவருக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவர் பள்ளிக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதைப் பார்த்து முத்துப்பேச்சி பதறிப்போய், “டீச்சர், போட்டுக்கிட்டே வாங்க” என்றாள். “இல்ல பேச்சி, ஒன் வீடுல்ல” என்றார் அவர். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் ஓட்டைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். கரும்பலகையின் ஒரு மூலையில் முத்துப்பேச்சியின் கோணல் எழுத்தில் ‘மழை’ என்று பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியிருந்தது. அதையும் பார்த்தார்.

“கரையான் அரிக்காம வெச்சிருக்க. நான் இருந்தப்பகூட இவ்வளவு சுத்தமா இல்ல” என்றார்.

“நாங்க எறங்கலைன்னா என்ன ஆகும் டீச்சர்?”

அன்னாள் டீச்சர் சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். “மொதல் நாள்லயே தொறக்க முடியலைன்னா புள்ளைகளப் பெரிய ஸ்கூலுக்கு மாத்தச் சொல்வாங்க. அங்க தமிழ் கெடையாது. நம்ம புள்ளைங்க மலையாளத்துல ஒக்காந்து முழிச்சிட்டு, அடுத்த மாசமே காய் எடுக்க வந்துரும். அப்பறம் இத நெரந்தரமாப் பூட்டிருவாங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஒன்னய எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல பேச்சி. சாவியக் குடுத்தது நாந்தான்” என்றார்.

போகும்போது சஷ்மிதா அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். “டீச்சர், எல்லாரும் எங்க வீட்டுக்குப் படிக்க வருவாங்களா?” என்று அவள் கேட்டது உள்ளே கேட்டது. டீச்சர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை.

அந்த வாரம் தோட்டத்தில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகச் செடித் தூரில் குந்தி, சரத்தை விலக்கி, விளைந்த காயை மட்டும் நெட்டி எடுப்பார்கள். முத்துப்பேச்சிக்கு எப்போதும் பக்கத்து வரிசை மதலேனம்மாள். லயத்தில் அவளும் பக்கத்து வீடுதான். சுவர் விழுந்த அன்று மண்ணுக்குள்ளிருந்து முத்துப்பேச்சியின் குக்கரைத் தோண்டி எடுத்துக் கழுவிக் கொடுத்தவள். மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி ஜெனி, ஒன்றாம் வகுப்பில் பேர் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் சஷ்மிதா அக்கா வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிற குழந்தை.

அன்று மதலேனம்மாள் காலையிலிருந்து பேசவில்லை. வெற்றிலை போடும் நேரத்துக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“எப்ப எறங்குறீக?”

“வீட்டுக்காரரு வேணாங்குறாரு மதினி. லயத்த நேராக்கட்டும்னு.”

“அவுக எப்ப நேராக்கி, நீ எப்ப எறங்கி? பெரியவன் இந்த மாசம் பூரா மருந்து ஓஸு இழுக்கப் போயிட்டான். நடுவுளவ ஜெனியத் தூக்கிட்டுத் தோட்டத்துல சுத்துறா. மூணும் என்ன ஆச்சோன்னு நெனச்சுக்கிட்டே நான் இங்க குந்தியிருக்கேன். ஒன் ஒருத்தி குடித்தனத்துக்காக எங்க புள்ளைக எல்லாம் தோட்டத்துலயே கெடக்கணுமாக்கும்?”

மற்ற பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் கைகள் எல்லாம் கொஞ்சம் மெதுவானது முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. சாயங்காலம் வரை ஒரே செடியை இரண்டு தடவை பார்த்தாள். விளையாத பிஞ்சையும் சேர்த்துப் பறித்துப்போட்டாள். வீட்டுக்கு வந்து, ‘நான் என்ன சும்மாவா வந்து குந்தினேன்’ என்று கரும்பலகையைப் பார்த்துச் சொல்லி அழுதாள். சஷ்மிதா பயந்துபோய் விளக்கைப் போட்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலையில் டீ குடிக்கும் நேரம் முடிந்து பெண்கள் மறுபடி வரிசைக்குள் இறங்கியிருந்தார்கள். மேட்டிலிருந்து ஒரு குழந்தையின் கூச்சல் கேட்டது. முத்துப்பேச்சிக்குச் சஷ்மிதாவின் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. செடிகளுக்குள் புகுந்து ஓடினாள்.

தோட்டத்து மேட்டில் ஒரு படுதாக்குளம் இருந்தது. குழி வெட்டிப் பிளாஸ்டிக் படுதாவை விரித்து மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பது. கோடையில் செடிகளுக்குப் பாய்ச்ச. கரை வழுக்கும். விழுந்தால் பெரியவர்களாலேயே ஏற முடியாது. பிடிக்க ஒன்றும் இருக்காது. வேலி போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் கரையில் நின்று தவளைக்குஞ்சு பார்த்திருக்கிறார்கள். ஜெனி எட்டிப் பார்த்து வழுக்கி உள்ளே விழுந்திருக்கிறாள். சஷ்மிதா கரையில் குப்புறப் படுத்து, கரையோரம் நீண்டு கிடந்த மருந்து ஓஸை வளைத்துத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுக் கத்தியிருக்கிறாள். ஓஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெனி மூழ்கி மூழ்கி எழுந்திருக்கிறாள். மறுபக்கத்துச் சரிவில் மருந்தடித்துக்கொண்டிருந்த மாரீஸ்வரன் தன் கையிலிருந்த ஓஸ் இழுபடுவதைப் பார்த்துத் திரும்பி ஓடி வந்திருக்கிறான்.

முத்துப்பேச்சி போய்ச் சேர்ந்தபோது அவன் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். மருந்துச் சட்டையோடு இடுப்புவரை நனைந்திருந்தான். ஜெனி தண்ணீரைக் கக்கினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை கேட்டதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். மதலேனம்மாள் வந்தாள். பிள்ளையை அள்ளி எடுக்காமல், கிட்டப் போகப் பயந்தவள்போல ஒரு ஏலத்தட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உசுரு இருக்குல்லண்ணே?” என்று மாரீஸ்வரனைக் கேட்டாள். அழுகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அவன், “இருக்கு தாயி, இந்தா பாரு” என்று நீட்டினான்.

சுவக்கீன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மதியமே தகவல் வந்தது.

அன்று மாலை முத்துப்பேச்சி உலை வைக்கவில்லை. வந்ததும் தட்டியில் தொங்கிய சேலையை அவிழ்த்து மடித்தாள். பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். மாரீஸ்வரன் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தான். அவன் சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கான பதில்களையெல்லாம் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“எங்க போறது?” என்று மட்டும் கேட்டான்.

“ஏலக்கா ஸ்டோருக்குப் பின்னால வெறகு அடுக்குற சாய்ப்பு காலியாத்தான கெடக்கு. சுவக்கீன் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன்.”

“அங்க சூடு தாங்காது. காய் ஒணத்துறப்ப.”

“தாங்காதுதான்.”

“எறங்கிட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான்னு சொன்னேன்ல.”

“பாக்காட்டிப் போறாங்க” என்றாள் முத்துப்பேச்சி. கையில் குக்கரைப் பிடித்தபடி நின்றாள். “இன்னக்கி அந்த ஓஸு அங்க கெடக்காம இருந்திருந்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இந்த ரூம்ல படுப்பேன்?”

அவன் வெளியே போனான். பார்த்தால், கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மழையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான்.

சாமான் சுமக்க யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் தானாகவே லயத்துப் பெண்கள் வந்தார்கள். மதலேனம்மாளும் வந்தாள். அவளும் முத்துப்பேச்சியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை. அரிசிப் பானையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். பாதி வழியில் மதலேனம்மாள், “பேச்சி, அன்னக்கி நான் பேசுனது…” என்று ஆரம்பித்தாள். “கீழ பாத்து வா மதினி, வழுக்குது” என்றாள் முத்துப்பேச்சி.

மாரீஸ்வரன் சொன்னது அப்படியே நடந்தது. அவர்கள் இறங்கிய பிறகு லயத்தைப் பற்றி யாரும் போன் போடவில்லை. ஷிஜி மட்டும் இரண்டு மூன்று தடவை முதலாளியைப் போய்ப் பார்த்தாள். “எனிக்கு வெட்கமாணு சேச்சி” என்று முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டோரின் பின்பக்கச் சாய்ப்பில் அவர்கள் ஒரு மழைக்காலத்தையும் கழித்த பிறகுதான் சுவர் எழும்பியது. அதுவும் ஒரு ஜன்னல்கூட இல்லாமல். இப்போதும் அந்த வீட்டில் பேச்சுவாக்கில் ‘நாம பள்ளிக்கூடத்துல இருந்தப்ப’ என்று யாராவது ஆரம்பித்தால் மூன்று பேருக்கும் முகம் மாறிவிடும். அங்கே காலையில் விழும் வெயிலைப் பற்றி, ஓட்டில் இறங்கும் மழையைப் பற்றி, ஏதோ பெரிய பங்களாவில் வாழ்ந்து கெட்டவர்கள் மாதிரிப் பேசுவார்கள்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தைக் கழுவினார்கள். ஆண்கள் ஓடு மாற்றினார்கள், பெண்கள் பெஞ்சுகளை வெளியே போட்டு வைக்கோலால் தேய்த்தார்கள். எந்த ஓட்டில் ஒழுகும், எந்த ஜன்னல் கொக்கி மாட்டாது, எந்த மூலையில் எறும்பு வரும் என்று எல்லோரும் முத்துப்பேச்சியைத்தான் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்லச் சரிசெய்தார்கள். கடைசியில் கரும்பலகைக்குக் கரி பூச மதலேனம்மாள் போனபோது முத்துப்பேச்சி, “அத நான் பூசுறேன்” என்று வாங்கிக்கொண்டாள். மூலையில் இருந்த எழுத்தின் மேல் முதலில் கையை வைத்தாள். பிறகு பூசினாள்.

திறந்த நாளன்று மலை முழுக்க மஞ்சுமூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும். முற்றத்தில் ஒருவருக்கொருவர் விலகி நிற்கச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார் டீச்சர். பிள்ளைகள் வட்டத்துக்குள் நின்றுகொண்டே கையை நீட்டி அடுத்த வட்டத்துப் பிள்ளையைத் தொட்டார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பள்ளிக்கூடத்தையே பார்க்காத கூட்டம். அம்மா கையை விட்டதும் ஒன்று அழ, எல்லாம் அழுதன. சஷ்மிதா வாசற்படியில் நின்று, “செருப்ப இங்க போடு. கால நல்லாத் தொடச்சிட்டு வா. உள்ள தண்ணி சிந்தாத” என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாள். ஜெனியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். வீட்டுக்கு விருந்து வந்த பரபரப்பு அவளுக்கு.

முதலில் கொஞ்ச நாள் மதியம் வரைதான் வகுப்பு. சோறு போட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது ஓர்டர். “வேலைக்குப் போன அம்மா வர்ற வரைக்கும் புள்ளைங்க என்கூட வராந்தாவுல இருக்கட்டும். அது என் பொறுப்பு” என்று அன்னாள் டீச்சர் தாய்மார்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் முதல் நாள் என்பதால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பலரும் தாங்களாகவே இறங்கி வந்துவிட்டார்கள். முத்துப்பேச்சியும் வந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே கொட்டினார்கள். அழுதவர்கள் எல்லாம் அழுததை மறந்து, பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஜெனி மதலேனம்மாளின் இடுப்பில் ஏறி, சோற்றுக்குப் பயறு இருந்தது என்றாள். அவர்கள் லயத்துப் பாதையில் இறங்கிப் போனார்கள். கூச்சல் மஞ்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

சஷ்மிதா வரவில்லை.

முத்துப்பேச்சி ஜன்னலுக்குப் பக்கமாக வந்து உள்ளே பார்த்தாள். அறையின் மறுகோடியிலிருந்து டீச்சர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். சஷ்மிதா நாலாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையைப் பக்கத்தில் கழற்றி வைத்து, முகக்கவசத்தை அவிழ்த்து மடித்து, காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இனி அம்மா வந்து உலை வைக்க வேண்டியதுதான் என்பது போல வெளிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு நாலாம் வகுப்புக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றவளைப் பார்த்தார். கொக்கியில் வைத்த கையை எடுத்துவிட்டு, சத்தம் செய்யாமல் அடுத்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முத்துப்பேச்சி கூப்பிடவில்லை. திறந்திருந்த அந்த ஒரு ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது.